98 சதவீதத்துக்கு வெளியே

சுகாதாரக் கள ஆய்வுகளைத் திட்டமிடுவோருக்கு ஒரு திறந்த மடல்

சமுதாய மருத்துவத் துறைப் பேராசிரியர்களுக்கும், பொது சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கும், சர்வே நிறுவனங்களின் திட்ட மேலாளர்களுக்கும்,

நீங்கள் வகுத்துக் கொடுக்கும் திட்டத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்குகிறவர்களின் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். பல மாவட்டங்களில் சர்வே குழுக்களுக்கு மேற்பார்வையாளராக இருந்திருக்கிறேன். இப்போது இந்த வேலைக்குப் புதிதாக வரும் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். ஒவ்வொரு சுற்று தொடங்கும்போதும் உங்களிடமிருந்து எங்களுக்கு வரும் முதல் உத்தரவு, பதில் தருவோர் விகிதம் குறையக் கூடாது என்பதுதான். அந்த விகிதத்தைப் பற்றித்தான் பேச வேண்டும்.

தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில், 2019 முதல் 2021 வரை, நாடு முழுவதும் 6,36,699 குடும்பங்கள் பதில் சொல்லின. குடும்ப அளவில் விகிதம் 98 சதவீதம். தனிநபர் பேட்டியில் அந்த விகிதம் பெண்களிடம் 97 சதவீதம், ஆண்களிடம் 92 சதவீதம். முன்பின் தெரியாத ஆளை உட்காரவைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, அடுப்பில் உலையை வைத்துவிட்டு வந்து நீண்ட கேள்வித்தாளுக்குப் பொறுமையாகப் பதில் சொல்கிற மக்கள் நம் மக்கள். அந்த எண்ணை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் அது எதில் 98 என்று கேட்டுப் பார்த்தால்தான் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தெரியும்.

விகிதம் பட்டியலிலிருந்து பிறக்கிறது. ஒரு கிராமமோ, நகரத்தில் ஒரு கணக்கெடுப்பு வட்டமோ தேர்வாகும். அங்குள்ள வீடுகளையெல்லாம் வரைபடம் போட்டுப் பட்டியலிடுவோம். அதிலிருந்து 22 வீடுகளை எடுப்போம். ஆளில்லாமல் காலியாகக் கிடக்கும் வீடும் இடிந்துபோன வீடும் கணக்கிலிருந்து கழிந்துவிடும். பட்டியலில் ஏறிய வீட்டார் பதில் சொல்ல மறுத்தால் விகிதம் குறையும். பட்டியலிலேயே ஏறாதவர் மறுக்கவும் முடியாது, அவரால் விகிதம் குறையவும் குறையாது. எளிதில் எட்டாத பிரிவினர் என்று நீங்கள் அறிக்கையில் எழுதுகிறவர்களில் நிறையப் பேர் இந்த இரண்டாவது வகை.

பஞ்சாலை விடுதியில் இருக்கும் ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். திண்டுக்கல், ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களில் நூற்பாலைகளுக்குள்ளேயே விடுதி இருக்கிறது. பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பெண்கள் அங்கே தங்கி, ஷிப்ட் மாறி மாறி வேலை பார்க்கிறார்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் ரத்தசோகை உள்ளவர்கள் 53.4 சதவீதம் என்று ஐந்தாம் சுற்று சொன்னது. அந்தக் கணக்கில் இந்தப் பெண் இருக்கிறாளா? அவளுடைய சொந்த ஊரில் வீடு தேர்வானால், வழக்கமாக இங்கே தங்கி இருப்பவர்கள் யார் யார் என்று கேட்போம். “பெரியவ மில்லுல இருக்கா, பொங்கலுக்குத்தான் வருவா” என்பார் அம்மா. அவள் பெயர் அந்த வீட்டுப் பட்டியலில் ஏறாது. மில்லுக்குப் போனாலோ, அது நிறுவனம் நடத்தும் விடுதி. வீடுகளிலிருந்து மாதிரி எடுக்கும் ஆய்வுக்குள் விடுதி வராது. இரவு ஷிப்ட் பார்த்து, விடுதிச் சாப்பாடு சாப்பிட்டு, பஞ்சுத் தூசியில் நிற்கும் அந்தப் பெண்ணின் ஹீமோகுளோபின் அளவு ஊர்க் கணக்கிலும் இல்லை, மில் கணக்கிலும் இல்லை. அவள் யாருக்கும் மறுப்புச் சொல்லவில்லை. அவளை யாரும் கேட்கவில்லை.

பழைய மாமல்லபுரம் சாலையிலும் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்திலும் கட்டட வேலை நடக்கும் இடங்களில் தகரக் கொட்டகைகளைப் பார்த்திருப்பீர்கள். ஒடிசா, பிகார், வங்காளம், அசாம் ஆட்கள் ஒரு கொட்டகைக்குப் பத்துப் பன்னிரண்டு பேராகத் தங்கியிருப்பார்கள். பட்டியல் போடப் போகிறவர் கேட்டுக்கு வெளியே நின்று, “இது கம்பெனி இடம்” என்று எழுதிவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுவார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. கொட்டகையைக் குடும்பம் என்று எழுதுவதா, விடுதி என்று எழுதுவதா என்பதற்கு நாம் கொடுத்த கையேட்டில் தெளிவான பதில் இருப்பதில்லை.

பட்டியலுக்கு அடிப்படையான சட்டகமும் பழையது. 2021இல் நடக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், இன்றும் 2011இன் எண்களை வைத்துத்தான் ஊர்களையும் வட்டங்களையும் தேர்வு செய்கிறோம். அந்த ஆண்டுக்குப் பிறகுதான் சென்னையை ஒட்டிய பெரும்பாக்கத்தின் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு அடையாறு, கூவம் கரைகளிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் கொண்டுபோய்க் குடிவைத்தார்கள். 2011இல் ஆளில்லாத இடத்துக்கு 2011இன் மக்கள்தொகையை வைத்து வாய்ப்பு ஒதுக்கினால் என்ன கிடைக்கும்? ஆற்றங்கரையில் அந்த மக்கள் முன்பு இருந்த வட்டம் தேர்வாகும். போய்ப் பார்த்தால் அங்கே சுற்றுச்சுவரும் நடைபாதையும் இருக்கும்.

நம் பட்டியலில் ஏறாதவர்களை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு விட்டுவிடுவதில்லை என்பதைக் கவனியுங்கள். அது விடுதிகளையும் இல்லங்களையும் நிறுவனக் குடும்பங்கள் என்று தனியாகக் கணக்கெடுக்கிறது. 2011 பிப்ரவரி 28 இரவு கணக்கெடுப்பாளர்கள் நடைமேடைகளுக்கும் பாலத்தடிகளுக்கும் போய், வீடில்லாதவர்களை எண்ணினார்கள். தலையை எண்ண முடிகிற இடத்தில் ரத்த அழுத்தத்தை மட்டும் அளக்க முடியாது என்று சொல்வதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை.

வராதவர்கள் கொஞ்சப் பேர்தானே, வந்தவர்களுக்கு எடை கொடுத்துச் சரிசெய்துவிடலாம் என்று நீங்கள் சொல்வீர்கள். பயிற்சி வகுப்பில் அந்தக் கணக்கை நானே சொல்லித்தருகிறேன். அதன் அடியில் ஓர் ஊகம் இருக்கிறது: ஒரே பகுதியில் பதில் சொன்னவரும் சொல்லாதவரும் ஏறக்குறைய ஒரே மாதிரியானவர்கள் என்பது அது. காசநோய் ஆய்வில் அந்த ஊகம் எப்படி உடைகிறது என்று பாருங்கள். எக்ஸ்ரே வண்டி ஊர்ச் சாவடிக்குப் பக்கத்தில் நிற்கும். பெண்கள், வயதானவர்கள், பள்ளி முடித்த பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். முப்பது வயதிலிருந்து ஐம்பது வயதுவரை உள்ள ஆண்கள் வேலைக்குப் போயிருப்பார்கள். குடிப்பவர்கள் வரத் தயங்குவார்கள். காசநோயோ பெண்களைவிட ஆண்களிடம் இரண்டு மடங்குக்கு மேல் இருக்கிறது. குடிப்பவர்களிடம் இன்னும் அதிகம். ஆயிரம் பேர் உள்ள ஊரில் 900 பேர் வந்து, அவர்களில் மூன்று பேருக்கு நோய் தெரிந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். வராத நூறு பேரில் இன்னும் மூன்று பேருக்கு நோய் இருந்தால், ஊரின் உண்மை நிலை நாம் எழுதியதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. அறிக்கையில் விகிதம் 90 சதவீதம் என்று அழகாக நிற்கும். அந்தப் பத்து சதவீதத்துக்குள்தான் நாம் தேடிப் போன ஆட்கள் இருப்பார்கள். 90ஐ 93 ஆக்கக் கையருகில் இருக்கும் இன்னும் முப்பது பெண்களைக் கூட்டிவருவது வீண் வேலை. வராத ஆண்களில் பத்துப் பேரைப் பிடித்தால் அது ஆய்வு.

நேரத்தைப் பற்றி நீங்கள் கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும். உங்கள் கால அட்டவணையில் களப்பணி காலை ஒன்பது மணிக்குத் தொடங்கி மாலை ஆறுக்கு முடிகிறது. ஒரு வீட்டுக்கு மூன்று முறை போக வேண்டும் என்று விதி இருக்கிறது, நல்ல விதி. அந்த மூன்று முறையும் பகல் பதினொரு மணிக்கே போனால் அது ஒரே முறை போனதற்குச் சமம். வால்பாறை எஸ்டேட்டில் காலையில் பேர் போட்டுவிட்டு மலைக்கு ஏறும் பெண்கள் சாயங்காலம் கொழுந்து நிறுத்துக் கொடுத்த பிறகுதான் லைன் வீட்டுக்குத் திரும்புவார்கள். திருவள்ளூர் செங்கல் சூளைகளில் நள்ளிரவுக்குப் பிறகு வேலை தொடங்கும். வெயில் ஏறும்போது குடும்பமே படுத்துத் தூங்கும். அந்த நேரத்தில் போய்க் கதவைத் தட்டுகிறவர் சம்மதப் படிவத்தில் வாங்குகிற கையெழுத்தைச் சம்மதம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேதாரண்யத்திலும் தூத்துக்குடியிலும் உப்பளத்துக்குப் போகிறவர்கள் இருட்டோடு கிளம்பிவிடுவார்கள். அவர்களுக்கு மதியத்துக்குப் பிறகுதான் வாய் திறந்து பேச நேரம்.

மீனவர்களை எடுத்துக்கொள்வோம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். நாகப்பட்டினத்திலோ ராமேஸ்வரத்திலோ ஆண்டு முழுவதும் கையில் சிக்காத ஆண்கள் அப்போது வலை பின்னிக்கொண்டு, படகுக்கு வர்ணம் அடித்துக்கொண்டு ஊரிலேயே இருப்பார்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, காசநோய்ப் பரிசோதனைக்கு இதைவிட நல்ல காலம் கிடையாது. ஆனால் அதே மாதங்களில் என்ன சாப்பிடுகிறீர்கள், எவ்வளவு செலவு செய்கிறீர்கள், வாரத்துக்கு எத்தனை நாள் குடிக்கிறீர்கள் என்று கேட்டால், வருமானம் இல்லாத இரண்டு மாதத்தின் பதில்தான் வரும். அதை ஆண்டு முழுமைக்கும் பொருத்தக் கூடாது. எந்தக் கேள்வியை எந்த மாதத்தில் கேட்பது என்று முடிவெடுக்க, மாதிரி எடுப்பதில் தேர்ந்த ஆளோடு கடற்கரை ஊர்க்காரர் ஒருவரும் உங்கள் திட்டக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். நான் பார்த்தவரை அப்படி ஒருவரை யாரும் கூப்பிடுவதில்லை.

பணக்காரர்களும் எளிதில் எட்டாதவர்கள்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். காவலாளி இருக்கும் பெரிய அடுக்குமாடி வளாகங்களுக்குள் எங்கள் பெண்கள் நுழையவே முடிவதில்லை. குடியிருப்போர் சங்கத்துக்கு முன்கூட்டியே மாவட்ட நிர்வாகத்தின் கடிதம் போனால் பாதிச் சிக்கல் தீரும். மீதிக்கு ஞாயிற்றுக்கிழமை வேண்டும்.

கேட்பவர் யார், எந்த நிலையில் இருப்பவரிடம் கேட்கிறார் என்பது நேரத்தைவிடப் பெரிய விஷயம். 1986இல் இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகத் தெரியவந்தது சென்னையில். மதராஸ் மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் மாணவி நிர்மலா திரட்டிய ரத்த மாதிரிகளில் அது வெளிப்பட்டது. பாலியல் தொழிலில் இருந்த பெண்களைத் தேடிப் பிடிப்பது கடினமாக இருந்ததால், அவர்களைப் பிடித்து அடைத்து வைத்திருந்த மயிலாப்பூர் இல்லத்துக்குப் போய் ரத்தம் எடுத்தார். எதற்காக எடுக்கிறோம் என்று அந்தப் பெண்களிடம் சொல்லவில்லை. அந்தக் கண்டுபிடிப்பு நாட்டை விழிக்க வைத்தது, பின்னால் எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியது. ஆனாலும் கதவைச் சாத்த உரிமை இல்லாதவர்களிடம் ரத்தம் எடுப்பது எட்டாத மக்களை எட்டும் வழியாக இனி ஒருநாளும் இருக்கக் கூடாது.

அதற்கு மாற்று வழியும் இதே ஊரில்தான் வளர்ந்தது. தன்னார்வ சுகாதாரச் சேவை மருத்துவமனையோடு இணைந்த எய்ட்ஸ் தடுப்புத் திட்டம் 1996 முதல் தமிழ்நாட்டில் நடத்தை ஆய்வுகளை நடத்தியது. லாரி ஓட்டுநர்கள், கிளீனர்கள், பாலியல் தொழிலாளர்கள் என்று ஒவ்வொரு பிரிவையும் அவர்கள் கூடுகிற இடத்தில், கூடுகிற நேரத்தில் போய்க் கேட்டார்கள். பிறகு 2012-13இல், சுனிதி சாலமன் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர் அமைப்பும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து, போதை ஊசி பயன்படுத்துகிறவர்களிடமும் ஆணோடு உறவு கொள்ளும் ஆண்களிடமும் இந்திய நகரங்கள் பலவற்றில் ஆய்வு நடத்தின. 26,000க்கும் மேற்பட்டவர்கள் பங்கெடுத்தார்கள். பட்டியல் எதுவும் கையில் இல்லை. அந்தச் சமூகத்தில் நாலு பேரைத் தெரிந்த இரண்டு மூன்று பேரிடமிருந்து தொடங்கினார்கள். பேட்டி முடிந்த ஒவ்வொருவரிடமும் சில கூப்பன்களைக் கொடுத்து, தெரிந்தவர்களுக்குக் கொடுக்கச் சொன்னார்கள். வருவதும் வராததும் கூப்பன் வாங்குகிறவரின் விருப்பம். வருகிறவர் தன் பெயரை யாரிடமும் கொடுத்துவைக்க வேண்டியதில்லை. இன்னாருக்கு இத்தனை பேரைத் தெரியும் என்ற கணக்கையும் கேட்டு வாங்கிக்கொண்டால், பழக்கம் அதிகமுள்ளவர்கள் மட்டும் நிறைந்துவிடாமல் எடை போட்டுத் திருத்தலாம். டக்ளஸ் ஹெக்கதார்ன் 1997இல் வகுத்த முறை இது.

திருநங்கைகளிடம், கட்டட வேலைக்கு வந்த வெளிமாநிலத்தவரிடம், வீட்டு வேலை செய்யும் பெண்களிடம் இந்த முறை எடுபடும் என்று நினைக்கிறேன். சித்திரை மாதம் கூவாகத்தில் கூடும் திருநங்கைகளில் பெரும்பாலோர் உங்கள் 22 வீட்டுப் பட்டியலில் திருநங்கையாகப் பதிவாகியிருக்க மாட்டார்கள். பலரின் பெயரை வீட்டார் குடும்ப உறுப்பினர் என்றே சொல்லியிருக்க மாட்டார்கள். திருநங்கையர் நல வாரியத்தை 2008இலேயே அமைத்த மாநிலம் இது. அவர்களில் பேட்டி எடுக்கத் தகுந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. பயிற்சி கொடுங்கள், டேப்லெட்டைக் கையில் கொடுங்கள், மற்றவர்களுக்குக் கொடுக்கிற சம்பளத்தையே கொடுங்கள்.

வெளிமாநிலத் தொழிலாளரிடம் இன்னொரு சிக்கல். கேள்வித்தாள் தமிழில் இருக்கும், அல்லது ஆங்கிலத்தில். ஒடியா தெரிந்தவர் குழுவில் இருக்க மாட்டார். அதனால் மேஸ்திரியை மொழிபெயர்க்கச் சொல்வார்கள். வேலை கொடுக்கிறவன் பக்கத்தில் நிற்கும்போது, “போன மாசம் வேலையில் காயம் பட்டதா?”, “ராத்திரி எங்கே தூங்குறீங்க?” என்ற கேள்விகளுக்கு எப்படி உண்மை வரும்? படிவம் நிறையும். விகிதமும் ஏறும். தரவுத் தாளில் அந்தப் பதில் நல்ல பதில்போலவே உட்கார்ந்திருக்கும், அதுதான் ஆபத்து. பதில் இல்லாத கட்டம் குறைந்தபட்சம் தன்னைக் காட்டிக்கொடுக்கிறது.

குடும்ப வன்முறைப் பகுதியில் தேசியக் குடும்ப நல ஆய்வு சரியான விதியை வைத்திருக்கிறது: ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டும், வேறு யாரும் கேட்காத தனிமை கிடைத்தால் மட்டும் கேட்க வேண்டும், கிடைக்காவிட்டால் அந்தப் பகுதியையே விட்டுவிட வேண்டும். அங்கே பாதுகாப்புக்காக விகிதத்தை விட்டுக்கொடுக்கிறோம். மேஸ்திரியின் முன்னால் கேட்கும் கேள்விக்கும் அதே விதி வேண்டும். இருவர் சேர்ந்து போவதற்குச் செலவு ஒதுக்குங்கள். ஒருவர் மாமியாரோடோ மேஸ்திரியோடோ ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்க, இன்னொருவர் பேட்டி எடுக்கலாம். எங்கள் பெண்கள் உங்கள் கையேட்டில் இல்லாமலேயே இதைச் செய்கிறார்கள்.

மக்கள் எங்களிடம் எப்போதும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “ரத்தம் எடுத்துட்டுப் போறீங்க, ரிசல்ட் எப்பம்மா வரும்?” விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்து ஹீமோகுளோபினும் சர்க்கரையும் பார்த்தால் அளவை அங்கேயே சீட்டில் எழுதிக் கொடுக்கிறோம். அந்தச் சீட்டோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் அங்கே யாருக்கும் இந்த ஆய்வைப் பற்றித் தெரிந்திருக்காது. ஆறு என்று ஹீமோகுளோபின் வந்த ஒரு பெண் வெளிநோயாளிப் பிரிவில் நின்று, “எந்த சர்வே?” என்ற கேள்வியோடு திரும்பி வந்திருக்கிறாள். அடுத்த முறை அந்தத் தெருவுக்குப் போகும் குழுவுக்குக் கதவு திறக்குமா? களப்பணி தொடங்குவதற்கு முன்பே அந்த வட்டார மருத்துவ அலுவலருக்கும் கிராம சுகாதாரச் செவிலியருக்கும் தகவல் போய்ச் சேர வேண்டும். எந்தச் சீட்டோடு வந்தால் என்ன செய்வது என்று அவர்களுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். ஆய்வு முடிந்த பிறகு கிராம சபையில் ஒருநாள் முடிவுகளைத் தமிழில் படித்துக் காட்ட வேண்டும். இந்த ஊர் மக்களிடம் கேட்டது இது, கிடைத்தது இது, இதற்காக இன்னது செய்யப் போகிறோம் என்று பத்து நிமிடம் பேசினால் போதும்.

மக்கள் திரும்பத் திரும்ப வருவார்கள் என்பதற்குச் செங்கல்பட்டு சாட்சி. 1968இல் தொடங்கிய பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வில் அந்த மாவட்டத்தில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பங்கெடுத்தார்கள். பதினைந்து ஆண்டுகள் அவர்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். ஊருக்கு வந்து எக்ஸ்ரே எடுத்தார்கள், சளி வாங்கினார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை பி.சி.ஜி. தடுப்பதில்லை என்ற முடிவு அங்கிருந்துதான் உலகத்துக்குப் போனது. மருத்துவப் பாடநூல்களில் இடம்பெற்ற அந்த முடிவுக்காக வேலையை விட்டு வந்து வரிசையில் நின்றவர்கள் குடியானவர்களும் கூலிக்காரர்களும். எட்டாதவர்களாக இருந்திருக்க எல்லாக் காரணமும் அவர்களுக்கு இருந்தது. தெரிந்த முகங்கள் ஆண்டாண்டாக ஊருக்குள் வந்ததால் அது நடந்தது என்றே நான் நம்புகிறேன். இன்றோ மூன்று மாத ஒப்பந்தத்தில் வெளி மாவட்டத்துப் பெண்களை வேனில் ஏற்றி வந்து, பத்து நாளில் அடுத்த ஊருக்கு நகர்த்துகிறோம்.

அந்தப் பெண்களின் கூலியைப் பற்றியும் எழுதியாக வேண்டும். நிறைவு செய்த படிவத்துக்கு இவ்வளவு என்று சம்பளம் பேசும் நிறுவனங்கள் உண்டு. அப்படிப் பேசினால் பூட்டிய வீட்டுக்கு மூன்றாம் முறை போகிறவருக்கு அன்றைய நாள் நஷ்டம். பக்கத்து வீட்டை நிரப்பிவிட்டு அதைத் தேர்வான வீடு என்று பதிவு செய்தால் லாபம். விகிதம் 98 வரும். எட்டாதவர் எட்டாதவராகவே இருப்பார். நாள் சம்பளம் கொடுங்கள். இரவு ஏழு மணிக்கு மேல் பேட்டி எடுத்தால் கூடுதல் தொகையும் திரும்பிப் போக வாகனமும் கொடுங்கள். கிடைக்காத வீட்டைக் கிடைக்கவில்லை என்று உண்மையாக எழுதுகிறவரைத் திட்டாதீர்கள். பதில் சொல்கிறவருக்கும் கூலி இழப்பை ஈடுசெய்யலாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகளே அனுமதிக்கின்றன. அரைநாள் சூளை வேலையை விட்டு வருகிறவருக்குச் சோப்புப் பெட்டி கொடுத்து அனுப்புவது ஈடு ஆகாது.

2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாகக் கொண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்கப்போகிறது. அதன் எண்கள் வெளிவந்ததும் நீங்கள் புதிய சட்டகம் தயாரிப்பீர்கள். அப்போது மூன்று காரியம் செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நிறுவனக் குடும்பங்களையும் வீடில்லாதவர்களையும் கழித்துவிடாமல், பஞ்சாலை விடுதிகளுக்கும் கட்டடத் தொழிலாளர் கொட்டகைகளுக்கும் தனி அடுக்கு ஒதுக்குங்கள். அறிக்கையில் பதில் தருவோர் விகிதத்தை அச்சிடும் அதே பக்கத்தில், இந்த ஆய்வுக்குள் வர வாய்ப்பே இல்லாதவர்கள் யார் யார், தோராயமாக எத்தனை பேர் என்பதையும் அச்சிடுங்கள். கேள்வித்தாளை இறுதி செய்யும் முன் அதைத் திண்டுக்கல்லில் ஒரு மில் விடுதியிலும், திருவள்ளூரில் ஒரு சூளையிலும், இரவு எட்டு மணிக்கு, நீங்களே போய் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். உங்களோடு வர எங்களில் ஆட்கள் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு களப்பணிப் பயிற்சியாளர்